கோடை வேலைக்கு அமெரிக்கா: கிளம்பும் முன் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் மலேசியாவின் கிள்ளானைச் சேர்ந்தவள். 2024 கோடையில், பல்கலைக்கழக விடுமுறையில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஓஷன் சிட்டி என்ற கடற்கரை ஊரில் வேலை செய்துவிட்டு வந்தேன். பகலில் ஹோட்டல் அறை சுத்தம் செய்யும் வேலை, வாரத்தில் மூன்று மாலை ஐஸ்கிரீம் கடை. திரும்பி வந்ததிலிருந்து, போக நினைக்கும் தம்பி தங்கைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பத்தில் எட்டுக் கேள்வி தூதரக நேர்காணலைப் பற்றியதாகத்தான் இருக்கும். அந்த நேர்காணல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை, மாணவர்கள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான், விமானம் இறங்கிய முதல் பத்து நாளில். அதை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

இது என்ன திட்டம்? வேலை விசாவா, சுற்றுலா விசாவா?

இரண்டும் இல்லை. இது ஜே-1 என்ற பரிமாற்ற விசா. அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்தும் பரிமாற்றத் திட்டங்களில் ஒன்று, பெயர் சம்மர் வொர்க் டிராவல். 1961-இல் வந்த ஃபுல்பிரைட்-ஹேய்ஸ் சட்டம் இதற்கு அடிப்படை. வெளிநாட்டு மாணவர்கள் வந்து மக்களோடு பழகட்டும், செலவுக்குக் கொஞ்சம் சம்பாதிக்கட்டும், ஊரைப் பார்க்கட்டும் என்பது நோக்கம். அதிகபட்சம் நான்கு மாதம் வேலை செய்யலாம். அதன் பிறகு 30 நாள் ஊர் சுற்றலாம், அந்த 30 நாளில் வேலை செய்யக்கூடாது. நம் ஊரில் இதை எல்லோரும் 'வொர்க் அண்ட் டிராவல்' என்றே சொல்கிறார்கள்.

யார் போகலாம்? கடைசி வருடத்தில் இருக்கிறேன், போகமுடியுமா?

அமெரிக்காவுக்கு வெளியே அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ முழுநேரம் படிக்கவேண்டும். குறைந்தது ஒரு செமஸ்டர் முடித்திருக்கவேண்டும். இணையவழியில் மட்டும் நடக்கும் படிப்பு செல்லாது, வகுப்பறைப் படிப்பாக இருக்கவேண்டும். வேலையில் பேசும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும், ஸ்பான்சரே பேசிப் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும்போது நீங்கள் மாணவராக இருந்தால், கடைசி வருடத்தவரும் படிப்பு முடிந்த உடனே வரும் விடுமுறையில் போகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். போவது உங்கள் பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறையில்தான் இருக்கவேண்டும். எந்த நாட்டு மாணவர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வரலாம் என்று வெளியுறவுத் துறை நாட்டுவாரியாக வைத்திருக்கிறது. தேர்வை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். திரும்பி வந்து படிப்பைத் தொடர்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த விசாவே கிடைக்கிறது.

ஏஜென்சி, ஸ்பான்சர், முதலாளி என்று மூன்று பெயர் சொல்கிறார்களே?

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஏஜென்சி என்பது உங்கள் ஊரில் இருக்கும் அலுவலகம். படிவம் நிரப்புவது, வேலைச் சந்தைக்கு அழைத்துப்போவது, நேர்காணலுக்குத் தயார்ப்படுத்துவது அவர்கள் வேலை. ஸ்பான்சர் என்பது அமெரிக்காவில் இருக்கும் அமைப்பு. வெளியுறவுத் துறையிடம் அனுமதி பெற்றது, நீங்கள் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருப்பதைக் காட்டும் டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் தருவது, நீங்கள் அங்கே இருக்கும்வரை உங்களுக்குப் பொறுப்பு. முதலாளி என்பவர் சம்பளம் தருபவர்.

ஏஜென்சிக்காரர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், நீங்கள் ஓஷன் சிட்டியில் நடுராத்திரி மாட்டிக்கொண்டால் அவர் கோலாலம்பூரில் இருப்பார். அதனால் காசு கட்டுவதற்கு முன்பே ஸ்பான்சர் யார் என்று கேளுங்கள். அந்தப் பெயர் வெளியுறவுத் துறையின் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எந்தக் கட்டணம் எதற்கு என்று வரிவரியாகப் பிரித்த பட்டியல் கேளுங்கள். அதைத் தரவேண்டும் என்பது திட்டத்தின் விதி, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தரமாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

வேலைக் கடிதம் வந்துவிட்டது. உடனே கையெழுத்துப் போடலாமா?

ஒரு நாள் வைத்துப் படியுங்கள். மலேசியா, இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு விசாவுக்கு முன்பே வேலை உறுதியாகி இருக்கவேண்டும். அதனால் எது கிடைத்தாலும் சரி என்று கையெழுத்துப் போடும் அவசரம் வரும். எனக்கும் வந்தது.

முதலில் சம்பளம். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-இலிருந்து மணிக்கு 7.25 டாலர்தான். ஆனால் பல மாநிலங்களில் அதைவிட அதிகம். மேரிலாந்தில் 2024 ஜனவரி முதல் 15 டாலர். ஒரே மாதிரி வேலை, மாநிலம் மாறினால் கையில் வரும் காசு இரண்டு மடங்கு வித்தியாசப்படலாம். கேளிக்கைப் பூங்கா போன்ற பருவகால இடங்களுக்குச் சட்டத்தில் சில விலக்குகள் இருக்கின்றன, அதனால் மாநிலக் கூலியை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கடிதத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். உணவகத்தில் பரிமாறும் வேலையென்றால் அடிப்படைக் கூலி மிகக் குறைவாக எழுதியிருக்கும், மீதி டிப்ஸில் வரவேண்டும். இரண்டும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலியைத் தொடாவிட்டால் முதலாளி குறையைக் கட்டவேண்டும்.

அடுத்து மணிநேரம். வாரம் 32 முதல் 40 மணிநேரம் என்று எழுதியிருந்தால், 32 என்றே கணக்குப் போடுங்கள். மழை பெய்தால் கடற்கரை ஊரில் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். ஜூன் தொடக்கத்தில் எனக்கு ஒரு வாரம் 22 மணிநேரம்தான் கிடைத்தது.

மூன்றாவது, பிடித்தம். வீட்டு வாடகை சம்பளத்தில் பிடிப்பார்களா, சீருடைக்குக் காசு உண்டா, தேதிக்கு முன் கிளம்பினால் ஏதாவது இழப்பீர்களா? செப்டம்பர் முதல் திங்கள்கிழமை அமெரிக்கத் தொழிலாளர் தினம், கடற்கரை ஊர்களின் கோடை அதோடு முடியும். அதுவரை இருப்பவர்களுக்குப் போனஸ் தரும் முதலாளிகள் இருக்கிறார்கள். நான் ஒரு வாரம் முன்னே கிளம்பும்படி டிக்கெட் போட்டு அதை இழந்தேன். கடிதத்தின் கடைசி வரியில் அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

எந்த வேலையெல்லாம் செய்யக்கூடாது?

தனியார் வீட்டு வேலை, ஓட்டுநர் உரிமம் தேவைப்படும் வேலை, வீடுவீடாகப் போய் விற்பது, நோயாளிகளைத் தொட்டுப் பராமரிப்பது, கட்டுமானம், தொழிற்சாலை, விவசாயம், இணையக் கடைகளின் கிடங்கு, சூதாட்ட விடுதியில் ஆட்ட மேசை, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவில் பெரும்பகுதி விழும் ஷிஃப்ட். இவை எல்லாம் தடை.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் பால்மைராவில், ஹெர்ஷி சாக்லேட்டைப் பொட்டலம் கட்டும் கிடங்கில் வேலை செய்த நூற்றுக்கணக்கான ஜே-1 மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கலாசாரப் பரிமாற்றம் என்று நம்பி ஆயிரக்கணக்கில் காசு கட்டி வந்தவர்களுக்குக் கிடைத்தது கனமான பெட்டிகளைத் தூக்கும் வேலை, ராத்திரி ஷிஃப்ட், வாடகைப் பிடித்தம் போகக் கையில் கொஞ்சம். அது பெரிய செய்தியானது. அதே ஆண்டு வெளியுறவுத் துறை இந்தத் திட்டத்துக்கு வருடத்துக்கு 1,09,000 பேர் என்று உச்சவரம்பு வைத்தது, 2012-இல் விதிகளை இறுக்கியது. இன்று நமக்கு இருக்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி அந்த மாணவர்கள் தெருவில் நின்று வாங்கியது. நான் போவதற்கு முன் இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. பிரச்சினையா?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் மட்டும்தான் இவ்வளவு கேட்கிறோம்! மலேசிய பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே கட்டத்தில் 'இன்னார் மகள் இன்னார்' என்று வரும். இந்திய பாஸ்போர்ட்டில் பலருக்கு ஒரு கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்கப் படிவங்களோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகத்தான் கேட்கும். ஒரு கட்டத்துக்குப் பெயர் இல்லாவிட்டால், முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பார்த்துப் பயப்படவேண்டாம்.

பயப்படவேண்டியது வேறொன்று. டிஎஸ்-2019, விசா விண்ணப்பமான டிஎஸ்-160, விமானச் சீட்டு, பிறகு சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான விண்ணப்பம், நான்கிலும் உங்கள் பெயர் நான்கு விதமாக இருப்பது. என் அறைத்தோழியின் சம்பளம் மூன்று வாரம் வங்கியில் ஏறவில்லை, காரணம் அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். டிஎஸ்-2019 கையில் வந்தவுடன் எழுத்தெழுத்தாக பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் விசாவுக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள், அப்போது ஒரு மின்னஞ்சலில் முடியும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

என்ன படிக்கிறாய், எந்த வருடம், எங்கே வேலை, என்ன வேலை, யார் செலவு செய்கிறார்கள், எப்போது திரும்புவாய். எனக்குக் கேட்டது இவ்வளவுதான். விசா கேட்டு வரும் எல்லோரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர்கள் என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்டவேண்டியது நீங்கள். அடுத்த செமஸ்டர் பதிவு, மிச்சமிருக்கும் படிப்பு, வீட்டுச் சூழல் என்று உண்மையைச் சொன்னால் போதும். மனப்பாடம் செய்த பதில் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவருக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அங்கே உறவினர் இருந்தால் மறைக்காதீர்கள்.

செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு. அதற்கான கட்டணம் இந்தத் திட்டத்துக்கு 35 டாலர். விசாக் கட்டணம் நான் போனபோது 185 டாலர். இவை மாறக்கூடியவை, கட்டும் நாளில் தூதரகத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தைப் பாருங்கள். சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கவேண்டும் என்ற விதி 2025 ஜூனிலிருந்து இருக்கிறது. அந்த விதி வருவதற்கு முன் சில வாரம் புதிய நேர்காணல் நேரமே தராமல் நிறுத்திவைத்தார்கள். வேலை, டிக்கெட் எல்லாம் முடித்துக் காத்திருந்த பல நாட்டு மாணவர்களுக்குக் கோடையே போய்விட்டது. ஆகவே டிஎஸ்-2019 வந்த அன்றே நேரம் பதியுங்கள். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள்.

அக்கா, உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு மிச்சமாகும்?

உண்மையைச் சொல்கிறேன். மணிக்கு 15 டாலர், வாரம் 35 மணிநேரம், 11 வாரம். மொத்தம் 5,775 டாலர். வரிக்கு 800 போனது என்று வைத்துக்கொள்வோம். வாடகை வாரம் 140 வீதம் 12 வாரத்துக்கு 1,680. சாப்பாடு, பஸ், கைப்பேசி எல்லாம் 900. மிச்சம் 2,395. எனக்குப் போவதற்கே திட்டக் கட்டணம், விசா, விமானம் என்று பதினான்காயிரம் மலேசிய வெள்ளிக்குப் பக்கத்தில் ஆனது. அன்றைய மாற்று விலையில் அது 3,000 டாலர். அதாவது ஒரு வேலை மட்டும் செய்தால் போட்ட காசுகூட முழுதாகத் திரும்பாது. இரண்டாவது வேலையால்தான் கணக்கு எனக்கு நேரானது, நியூயார்க்கும் பார்த்தேன்.

கடனை அடைக்க, தம்பியின் படிப்புக்குக் காசு சேர்க்க என்று யாராவது இந்தத் திட்டத்தைச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வட்டிக்கு வாங்கித் தயவுசெய்து போகாதீர்கள். முதல் சம்பளம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும், மழை பெய்யும், மணிநேரம் குறையும், வட்டி மட்டும் குறையாது. கையில் 800 முதல் 1,000 டாலர்வரை எடுத்துப்போக முடிந்தால்தான் முதல் மாதம் நிம்மதியாக இருக்கும்.

தங்குமிடம் எப்படிப் பிடிப்பது? அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஓஷன் சிட்டியில் குளிர்காலத்தில் இருப்பவர்கள் ஏழாயிரம் பேர் அளவுக்குத்தான். கோடை வார இறுதியில் லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். ஒவ்வோர் அறையும் சுற்றுலாப் பயணிக்கு ஒரு இரவுக்கு நூற்றுக்கணக்கில் போகும்போது, வாரம் 140 டாலர் தரும் மாணவருக்கு இடம் கொடுப்பவர் எத்தனை பேர்? ஆயிரக்கணக்கான ஜே-1 மாணவர்கள் அந்தச் சில வீடுகளுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். மற்றக் கடற்கரை ஊர்களிலும் இதே கதைதான்.

முதலாளி தங்குமிடம் தருகிறார் என்றால், கொஞ்சம் சுமாராக இருந்தாலும் முதல் வருடம் அதையே எடுங்கள். தராவிட்டால் ஸ்பான்சரிடமும் முதலாளியிடமும் போன வருடத்து மாணவர்கள் தங்கிய வீடுகளின் பட்டியலைக் கேளுங்கள். அப்புறம்தான் இணையம். எங்கள் குழுவில் வந்த ஒரு தாய்லாந்துப் பெண் சமூக வலைத்தளத்தில் அழகான படங்களைப் பார்த்து 600 டாலர் முன்பணம் அனுப்பிவிட்டு வந்தாள். அந்த முகவரியில் வீடு இருந்தது, படத்தில் இருந்த வீடுதான். ஆனால் உள்ளே ஒரு குடும்பம் பல வருடமாக வசித்துக்கொண்டிருந்தது, அவர்களுக்கு எதுவுமே தெரியாது. அவள் எங்கள் அறையின் தரையில் ஒன்பது இரவு படுத்தாள்.

வீடியோ அழைப்பில் உள்ளே நடந்து காட்டச் சொல்லுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், ஒரு அறையில் எத்தனை பேர் என்று அதில் இருக்கவேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு எவ்வளவு தூரம், ராத்திரி 11 மணிக்கு எப்படித் திரும்புவது என்று வரைபடத்தில் பாருங்கள். நுழைந்த அன்றே ஒவ்வொரு சுவரையும், மெத்தையையும், அடுப்பையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மேரிலாந்தில் முன்பணத்தைத் திருப்பித் தரவோ, பிடித்ததற்குக் கணக்குச் சொல்லவோ வீட்டுக்காரருக்கு 45 நாள் கெடு இருக்கிறது. அதற்குள் நீங்கள் ஊருக்கே வந்துவிடுவீர்கள். எங்கள் முன்பணத்தில் பாதி 'சுத்தம் செய்த செலவு' என்று போய்விட்டது. படம் வைத்திருந்த ஒரே பெண்ணுக்கு மட்டும் முழுதாக வந்தது.

பெட்டியில் என்ன வைப்பது? ரைஸ் குக்கர்?

வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 240 வோல்ட், அங்கே 120. நம் ரைஸ் குக்கரைச் செருகினால் அரிசி ஊறும், வேகாது. பிளக் மாற்றி வாங்கினாலும் வோல்ட் மாறாது. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் இரண்டிலும் வேலை செய்யும், அவற்றுக்குத் தட்டையான இரண்டு முள் மாற்றி போதும். குக்கர் அங்கே இருபது டாலர் அளவில் கிடைக்கும், நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று தடை செய்திருக்கிறார்கள். இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. கோழி மசாலாப் பொட்டலம் உள்ள மேகியைக்கூட எடுத்துவிடக்கூடும். பருப்புப்பொடி, கறித்தூள், ஊறுகாய் என்று கடையில் மூடி வந்த பொட்டலங்கள் எனக்குப் பிரச்சினை தரவில்லை. எதுவானாலும் உணவு இருக்கிறது என்று சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், சொல்லாமல் பிடிபட்டால் அபராதம்.

பாஸ்போர்ட், டிஎஸ்-2019, வேலைக் கடிதம், காப்பீட்டு அட்டை, வீட்டு முகவரி, இவை தோளில் மாட்டும் பையில். சரக்குப் பெட்டியில் போட்டவர் குடிவரவு மேசையில் என்ன செய்வார்? கறுப்புக் காற்சட்டை ஒன்று, வழுக்காத கறுப்புக் காலணி ஒன்று. பாதி வேலைகளுக்கு அதுதான் சீருடை.

இறங்கிய பிறகு முதல் பத்து நாள் என்ன செய்யவேண்டும்?

முதலில், பகலில் இறங்கும்படி டிக்கெட் போடுங்கள். பால்டிமோர், வாஷிங்டன் விமான நிலையங்களிலிருந்து ஓஷன் சிட்டிக்கு இரண்டரை, மூன்று மணிநேரப் பயணம். கடைசி பஸ் போய்விட்டால் அந்த ராத்திரி டாக்சிக்கு ஒரு வாரச் சம்பளம் போகும்.

விமான நிலையத்தில் விரல் ரேகை எடுத்து உள்ளே விட்டபின், ஐ-94 என்ற வருகைப் பதிவு கணினியில் ஏறும். இணையத்தில் போய் அதை எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். பெயரும் விசா வகையும் சரியாக இருக்கின்றனவா? தவறிருந்தால் அதுதான் முதல் வேலை. பிறகு ஸ்பான்சரின் தளத்தில் 'வந்துவிட்டேன்' என்று வசிக்கும் முகவரியோடு பதியுங்கள். இதற்குப் பத்து நாள் என்பது பொது அளவு, சில ஸ்பான்சர்கள் இன்னும் குறைவாகக் கேட்பார்கள். நான் முதல் நாளே செய்தேன். பதியாதவர்களின் திட்டமே ரத்தாகலாம், அதைவிட முக்கியம், செவிஸில் நீங்கள் வந்ததாக ஏறினால்தான் அடுத்த படி நகரும்.

அடுத்த படி சோஷியல் செக்யூரிட்டி எண். சம்பளக் கணக்குக்கும் வரிக்கும் வேண்டிய ஒன்பது இலக்க எண் அது. செவிஸில் ஏறி சில நாள் கழித்து, பாஸ்போர்ட், டிஎஸ்-2019, ஐ-94, வேலைக் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போகவேண்டும். எங்களுக்கு 30 மைல் தள்ளி சால்ஸ்பரி நகரில்தான் அலுவலகம், ஒரு நாள் அதற்கே போனது. கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அட்டை தபாலில் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள், எங்கள் வீட்டில் ஒட்டாத இரண்டு பேரின் அட்டை திரும்பிப் போய்விட்டது. எண் வரும்வரை வேலை செய்யக்கூடாது என்று யாராவது சொன்னால் அது தவறு. விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

முதலாளியிடம் ஐ-9 என்ற படிவம் நிரப்புவீர்கள். ஆவணங்களைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். பாஸ்போர்ட்டைத் தங்களிடமே வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. முதலாளிக்கும் இல்லை, வீட்டுக்காரருக்கும் இல்லை.

சம்பளத்தில் என்ன வரி பிடிப்பார்கள்?

மத்திய வருமான வரியும் மாநில வரியும் பிடிப்பார்கள், அது சரி. ஆனால் சோஷியல் செக்யூரிட்டி வரி 6.2 சதவீதமும், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரி 1.45 சதவீதமும் நமக்குப் பிடிக்கக்கூடாது. ஜே-1 மாணவர்களுக்கு விலக்கு உண்டு. முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள், பிடித்திருந்தால் அமைதியாகச் சொல்லுங்கள். ஹோட்டல் கணக்காளருக்கே தெரியாமல் இருப்பது சகஜம், எனக்கு அடுத்த சம்பளத்திலேயே திருத்திக் கொடுத்தார்கள். கிளம்பும் முன் ஊர் முகவரியை விட்டுவாருங்கள், ஜனவரி கடைசிக்குள் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று அனுப்புவார்கள். அதை வைத்து ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் படிவத்தில் கணக்குக் கொடுக்கவேண்டும். வெளிநாட்டவருக்கான படிவம் அது. அமெரிக்கர்களுக்கான சாதாரணப் படிவத்தில் கொடுத்தால் கூடுதல் காசு திரும்பி வரும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அடுத்த விசாவில் வந்து நிற்கும்.

வேலை பிடிக்கவில்லை, மாறலாமா? இரண்டாவது வேலை?

இரண்டும் முடியும். ஆனால் புதிய வேலையை ஸ்பான்சர் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த வேலைக்குப் போகத் தொடங்கவேண்டும். ஸ்பான்சர் மாதம் ஒரு தடவையாவது உங்களிடம் நலம் விசாரிக்கவேண்டும் என்பது விதி, அந்த மின்னஞ்சலுக்கு உண்மையான பதில் எழுதுங்கள்.

சம்பளம் தரவில்லை, மிரட்டுகிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்றால் ஸ்பான்சரின் 24 மணிநேர எண்ணுக்குச் சொல்லுங்கள். அங்கே பலன் இல்லையென்றால் வெளியுறவுத் துறையே ஜே-1 மாணவர்களுக்கென்று உதவி எண் வைத்திருக்கிறது, 1-866-283-9090. உயிருக்கு ஆபத்தென்றால் 911. விசா நேர்காணலில் உரிமைகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள், விமானத்தில் அதைப் படியுங்கள். புகார் செய்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்று பயமுறுத்துபவர் பொய் சொல்கிறார்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

காப்பீடு இல்லாமல் ஸ்பான்சர் அனுப்பமாட்டார். ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு குறைந்தது 1,00,000 டாலர் வரை அது தாங்கவேண்டும், உங்கள் கைப்பங்கு 500 டாலரைத் தாண்டக்கூடாது. பல்வலியும் பழைய நோயும் பெரும்பாலும் அதில் சேராது. பல் மருத்துவரை இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆபத்து என்று நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

சாலையை. நாம் இடப்பக்கம் ஓட்டும் ஊர்க்காரர்கள். சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்ப்பது கழுத்துக்கே பழகிப்போயிருக்கும். அங்கே வண்டி முதலில் இடப்பக்கத்திலிருந்து வரும். மாணவர்கள் எல்லோரும் பழைய சைக்கிள் வாங்குவார்கள், ராத்திரி வேலை முடிந்து எட்டு வழி நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் வருவார்கள். சைக்கிளில் அடிபட்டு ஊர் திரும்பாத ஜே-1 மாணவர்கள் இருக்கிறார்கள். முன்விளக்கு, பின்விளக்கு, ஹெல்மெட் மூன்றையும் சைக்கிள் வாங்கும் அன்றே வாங்குங்கள். வலப்பக்கமாக, வண்டிகள் போகும் திசையிலேயே ஓட்டுங்கள்.

அடுத்தது கடல். நம் ஊர்க் கடற்கரையான போர்ட் டிக்சனில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பழகியவர்களுக்கு அட்லாண்டிக் வேறு கடல். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துவிடாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். உயிர்காப்பாளர்கள் காலை 10 முதல் மாலை 5.30 வரைதான் இருப்பார்கள். ஷிஃப்ட் முடிந்த ராத்திரி அலையில் இறங்காதீர்கள்.

மது 21 வயதுக்கு மேல்தான். கஞ்சா மேரிலாந்தில் 2023 ஜூலையிலிருந்து மாநிலச் சட்டப்படி குற்றமில்லை, ஆனால் குடிவரவு மத்திய அரசின் கையில், அங்கே அது இன்னும் குற்றம். கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்று வெளிநாட்டவர் தொட்டால் விசா போகும்.

கடைசி 30 நாளில் எங்கே போகலாம்?

டிஎஸ்-2019-இல் இருக்கும் முடிவுத் தேதியிலிருந்து 30 நாள். அமெரிக்காவுக்குள் மட்டும். நயாகராவுக்குப் போனால் பாலத்தைத் தாண்டிக் கனடாப் பக்கம் போகாதீர்கள், இந்த விசாவில் திரும்பி உள்ளே வரமுடியாது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, இரண்டு மூன்று நாள் வையுங்கள். அதே வழியில் மேரிலாந்தின் லான்ஹாமில் முருகன் கோயில் ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாக ரொட்டியும் பொரித்த உருளைக்கிழங்குமாக இருந்துவிட்டு, அங்கே உள்ளே நுழைந்ததும் விபூதி வாசம் பட்டு நான் அழுதுவிட்டேன்.

அம்மா அப்பா சம்மதிக்கவில்லை. என்ன சொல்வது?

அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, வாதாடாதீர்கள். ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: ஸ்பான்சரின் பெயரும் 24 மணிநேர எண்ணும், முதலாளியின் முகவரி, தங்கும் வீட்டு முகவரி, காப்பீட்டு எண், போகும் வரும் விமானம், கூடப்போகும் ஒருவரின் வீட்டு எண். ஏஜென்சி அலுவலகத்துக்கு ஒரு தடவை அவர்களையும் அழைத்துப்போங்கள், கேள்விகளை அவர்களே கேட்கட்டும். என் அப்பா அங்கே கேட்ட முதல் கேள்வி வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி. எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

பேசுவதற்கு நேரத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். கோடையில் மலேசியாவுக்கும் ஓஷன் சிட்டிக்கும் சரியாக 12 மணிநேர வித்தியாசம். நான் காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் அழைப்பேன். இங்கே இரவு ஏழு, அம்மா சாமி விளக்கு ஏற்றி முடித்திருப்பார்.